பிரித்து எழுதுக

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை மூன்று ஆண்டுகளாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். 1988-ல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளிகளில் 36 ஆண்டுகள் வேலை. கடைசி 9 ஆண்டுகள் தலைமையாசிரியை. போன ஆண்டு 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றேன்.

பிரியாவிடை நன்றாகத்தான் நடந்தது. மாலை, பொன்னாடை, பிள்ளைகளின் நடனம், ஒரு சுவர்க்கடிகாரம். அன்று இரவு எட்டரை மணிக்குத் தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். புதிதாக வருகிறவரைச் சேர்க்க வேண்டும், போகிறவரை எடுக்க வேண்டும், அது முறைதான். ஆனாலும் அந்த ஒரு வரியைப் பார்த்தபடி வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். 9 ஆண்டுகளாக நடுராத்திரியில்கூட அடித்து என்னைத் தூங்கவிடாத போன் அன்றைக்குச் சத்தமே போடவில்லை.

காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குளித்து, சேலை கட்டி, ஆறு மணிக்குத் தயாராகிவிடுகிறேன். எங்கே போக? கணவர் காலமாகி ஆறு வருடம். மகன் சிங்கப்பூரில், மகள் ஷா ஆலாமில். மகள் வீட்டில் ஒரு மாதம் இருக்கலாம் என்று போனேன். பேரனைச் சத்தம் போட்டபோது, "அம்மா, இது ஸ்கூல் இல்லம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த வாரமே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

'உங்களுக்குள் ஆழமாகப் போங்கள், உண்மையான உங்களைக் கண்டுபிடியுங்கள்' என்று யூடியூபில் நிறையப் பேர் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. அப்படியானால் இந்த 36 ஆண்டுகளும் நான் போட்டது வேஷமா? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். அம்மா விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போன பிறகு தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள். ரேடியோவில் பாட்டு வந்தால் கூடவே பாடியவள். அவள்தான் இயல்பான நானா? அவளைத் தேடித் தோட்டத்துக்கே ஒருநாள் போய்ப் பார்த்தேன். லயம் இல்லை. எங்கே பார்த்தாலும் செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது. பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "டீச்சர், என்னைத் தெரியலையா? தினமும் காலையில எனக்குத் தலை வாரி விடுவீங்களே" என்றாள். எனக்கு முகம் நினைவில்லை. அவள் டீச்சர் என்று கூப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெயர் இப்போது எனக்குச் சொந்தமா ஐயா?

கோயில் மாதர் பிரிவுக்குத் தலைவியாக வரச் சொல்கிறார்கள். ஒரு டியூஷன் சென்டரிலும் கேட்கிறார்கள். போகலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

முன்னாள் தலைமையாசிரியை,
பேராக், மலேசியா

*

அன்புள்ள டீச்சர்,

டீச்சர் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் கடைசி வரியில்தான் நின்றேன். பெயர் வேண்டாம் என்றீர்கள், சரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதையாவது போட வேண்டும் இல்லையா? ஒரு வாசகி என்று போட்டிருக்கலாம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் என்று போட்டிருக்கலாம். உங்கள் கை எழுதியது 'முன்னாள் தலைமையாசிரியை'. குறையாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் என் கையும் அதைத்தான் எழுதியிருக்கும்.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் 21 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பிழை திருத்துகிறவனாகச் சேர்ந்து துணையாசிரியராக வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு பத்திரிகை நிற்கிறது என்று சொன்னார்கள். எனக்கு அப்போது 46 வயது. வரவேண்டிய பணத்தைப் பற்றிக்கூட அவ்வளவாகக் கவலைப்படவில்லை. சட்டைப்பையில் இருந்த பத்திரிகையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அந்த அட்டையைக் காட்டினால் போலீஸ்காரர் வழி விடுவார், கூட்டத்தில் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். ஊருக்குப் பஸ்ஸில் வரும்போது தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை வெறும் பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் செய்தது பெரிய தவறு. மூன்றே மாதத்தில் மூன்று சங்கங்களில் செயலாளரானேன். கூட்டத்தில் என் பெயரை யாராவது வாசிக்க வேண்டும், அதை நான் காதால் கேட்க வேண்டும். வேறு எந்த நோக்கமும் எனக்கு இருக்கவில்லை. அந்தச் சங்கங்களுக்கு என்னால் ஒரு உபகாரமும் இல்லை. ஒன்றில் கணக்கு விஷயமாக வாக்குவாதம் வந்து முப்பது வருட நண்பர் ஒருவரோடு பேச்சு நின்றுபோனது. அவர் இறந்த வீட்டில்கூட நான் வாசலோடு திரும்பி வந்தேன். அந்தப் பாரம் இன்றைக்கும் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், மாதர் பிரிவுத் தலைவி பதவியை இப்போது ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லுங்கள். கோயிலுக்கு மட்டும் போங்கள். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிற இடத்தில் போய் உட்காருங்கள். முதல் நாள், "ஐயோ டீச்சர், நீங்க எதுக்கு?" என்று எல்லாரும் எழுந்து நிற்பார்கள். மூன்றாவது நாள், "டீச்சர், அந்தக் கத்தியைக் கொஞ்சம் தள்ளுங்க" என்பார்கள். அந்த மூன்றாவது நாள் வரும்வரை போய்க்கொண்டிருங்கள். டியூஷன் சென்டரைப் பற்றி எனக்குச் சந்தேகம்தான். அவர்களுக்கு வேண்டியது நீங்களா, பேனரில் போட ஒரு தலைமையாசிரியையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு வந்திருப்பது துக்கம். ஒரு ஆள் போய்விட்டால் நம் வீடுகளில் பதினாறு நாள் கூட்டம் இருக்கிறது. யாராவது கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள், ராத்திரி கூடவே படுத்துக்கொள்கிறார்கள், அழுதால் அழ விடுகிறார்கள். 36 ஆண்டுகள் உங்களோடு இருந்த ஒன்று போனதற்கு ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததில் தப்பே இல்லை டீச்சர். உங்கள் வயது, உங்கள் பொறுப்பு, இதற்கெல்லாம் இப்படி ஒடியக்கூடாது என்று உங்களை நீங்களே கண்டிக்காதீர்கள்.

இனி அந்த 'வேஷமா' என்ற கேள்வி. இதற்குப் பதில் சொல்ல என் சின்னம்மாவைக் கூப்பிட வேண்டும்.

சின்னம்மா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அவருக்கு முன்னால் பிறந்த ஒரு அக்காள் ஊரிலேயே இறந்துவிட்டாள். எந்தக் குழப்பத்திலோ இறந்தவளின் பெயர் சின்னம்மாவுக்குக் காகிதத்தில் விழுந்துவிட்டது. காகிதத்தில் விழுந்தது விழுந்ததுதான். அதே பெயர் அடையாள அட்டையில் ஏறியது, தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் ஏறியது.

அடையாளம் என்ற சொல்லை இப்போது எல்லாரும் பெரிதாகப் பேசுகிறோம். நம் ஊர்ப் பக்கம் அது எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும், படமும் கைநாட்டும் உள்ள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஆண்டே உத்தரவு போட்டார்கள். என் பாட்டி வாழ்க்கையில் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டது அந்த அட்டைக்காகத்தான். முள்வேலிக் கேட்டில் நிற்கிறவன் கேட்பான், காட்ட வேண்டும். காட்டினால் விடுவான். லயத்துக்குள் வந்ததும் பாட்டி அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவாராம். வீட்டுக்குள் அதைக் கேட்க யாரும் இல்லை.

சின்னம்மாவுடையது சிவப்பு அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுடையது. கடைசிவரை அது குடிமக்களின் நீலமாகவே இல்லை. பெரட்டில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி, செத்தவளின் பெயரைக் கூப்பிடுவார், சின்னம்மா "வந்துட்டேன்" என்பார். வீட்டில் வேறு பெயர். ஒருநாள் கேட்டேன், "செத்தவ பேரைச் சுமந்துக்கிட்டு இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா சின்னம்மா?"

"அவளும் என் அக்காதானேடா. அவ பேர்ல நான் ஒரு வாய் சாப்பிட்டேன்" என்றார்.

சங்கங்களை எல்லாம் விட்டுவிட்டு நான் திண்ணையில் கிடந்த நாட்களில் சின்னம்மாவுக்கு எழுபதை நெருங்குகிற வயது. லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு மலாய்க்காரரின் இரண்டு ஏக்கர் பால்மரத்தில், ரப்பர் மரம்தான், பாதிப் பங்குக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். "சும்மா கிடக்காத, வந்து மங்கு துடை" என்று என்னைக் கூட்டிப் போனார். மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். ஏழு மாதம் போனேன். சின்ன வயதில் பள்ளி லீவில் அம்மாவோடு போனதுதான். கத்தி பிடிக்க மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கோலகங்சாருக்குப் பள்ளிச் சுற்றுலா கூட்டிப் போயிருப்பீர்கள். அங்கே 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. பிரேசில் காடுகளில் அந்தக் காலத்தில் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள், மரம் குதறிப்போய்விடும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி என்ற வெள்ளைக்காரர்தான், நேற்று வெட்டிய அதே கோட்டையே இன்றைக்கு மெல்லியதாகச் சீவித் திறக்கிற முறையைக் கொண்டுவந்தார். நம் தாத்தா பாட்டிகள் செய்ததெல்லாம் அந்த வெட்டுத்தான். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்க வேண்டும். முதலில் நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துப் பையில் போட வேண்டும். அப்புறம் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, சாய்வாக, ஒரே இழுப்பு. சீவல் நகத்தின் கனம்தான் இருக்கும். கத்தி போன இடத்தில் முதலில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் துளிர்க்கும், பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோட்டில் ஓடி மங்கில் சொட்டும்.

எனக்கு முதல் வாரம் பால் வரவே இல்லை. மேலாகச் சீவியிருக்கிறேன். சரி, ஆழமாக வெட்டினால் நிறைய வரும் என்று அழுத்தினேன். கத்தி மரத்தில் பட்டு நின்றது. சின்னம்மா ஓடி வந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் பொத்தினார், குழந்தைக்கு அடிபட்ட இடத்தைப் பொத்துகிற மாதிரி.

"காயம் போட்டுட்டியேடா. பால் பட்டையிலதான் இருக்கு. மரத்துக்குள்ள ஒண்ணும் இல்ல."

அது உண்மைதான். பால் ஓடும் குழாய்கள் எல்லாம் பட்டையின் உள்பக்கத்தில் இருக்கின்றன. கட்டையைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். தாண்டினால் ஒரு சொட்டுக்கூட அதிகம் வராது. பட்டை திரும்ப வளரும்போது அந்த இடம் முடிச்சு முடிச்சாக வளரும். சின்னம்மா இருபது வருடத்துக்கு முந்திய முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, "இவன் அவசரக்காரன்" என்று முகம் தெரியாத வெட்டுக்காரனைப் பற்றிச் சொல்வார். காயம் படாமல் வெட்டிய இடத்தில் ஏழெட்டு ஆண்டில் புதுப்பட்டை வழவழவென்று வந்துவிடும். அதிலும் பால் எடுக்கலாம்.

'ஆழமாகப் போங்கள்' என்று உங்கள் யூடியூப்காரர்கள் சொல்கிறார்களே, அதை வாசித்தபோது எனக்குச் சின்னம்மாவின் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அதற்கு அடியில் ஒரு உண்மையான நான் உட்கார்ந்திருப்பாள் என்று தோண்டாதீர்கள். அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தது எல்லாம் அந்த 36 ஆண்டுப் பட்டையில்தான் ஓடியது.

அப்படியானால் எல்லாமே நீங்கள்தானா, நாற்காலி என்று தனியாக ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்த இடத்தில் நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை. 'பிரித்து எழுதுக' என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பீர்கள்!

பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை. இரண்டும் இருந்தபடியே இருக்கும், இயல்பு புணர்ச்சி. ஒரு மனுஷிக்கும் ஒரு பதவிக்கும் அப்படி நோகாமல் சேர வாய்ப்பதில்லை. எங்கேயாவது ஒரு எழுத்து நுழைகிறது, ஒன்று விழுகிறது, ஒன்று மாறுகிறது. வாழைப்பழத்தின் நடுவில் இருக்கும் 'ப்' வாழையினுடையதும் இல்லை, பழத்தினுடையதும் இல்லை. சேர்ந்ததால் வந்தது. பிரித்தால் போய்விடும். உங்கள் பேரனிடம் உயர்ந்த குரல் அதுதான். 600 பிள்ளைகளைச் சபைகூடலில் நிறுத்தத் தேவைப்பட்ட குரலாக இருக்கலாம். ஒரு பேரனுக்கு அது வேண்டாம். மகள் சொன்னது சரி, நீங்கள் பஸ் ஏறி வந்ததுதான் சரியில்லை. திரும்பப் போங்கள். அந்தக் குரல் கொஞ்ச நாளில் தானாக இறங்கிவிடும்.

மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். மகரம் விழுந்துவிடுகிறது. ஆனால் ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் பிரித்து எழுதச் சொன்னால், விழுந்த 'ம்' திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு இதை யோசிக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. நீங்கள் ரேடியோவோடு பாடியது அப்படி விழுந்த எழுத்தாக இருக்கலாம். தலைமையாசிரியை வராந்தாவில் பாடிக்கொண்டு போக முடியாது. இனிமேல் பாடலாம். கட்டாயம் பாடியாக வேண்டும் என்றும் இல்லை. சமையலறையில் ஒருநாள் வாயில் வந்தால் வரட்டும்.

நாலரை மணி விழிப்பை நீங்கள் பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே நான் சிவப்பு மையால் சுழிக்கிறேன். டவுன் பள்ளிக்கூடத்துக்கு எந்த டீச்சரும் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை. அது பெரட்டு நேரம். உங்கள் அம்மா அடுப்பு மூட்டிய நேரம். பள்ளிக்கூடம் உங்களுக்குக் கொடுக்காத ஒன்றைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அந்த நேரத்தில் எங்கே போவது என்று தவிக்க வேண்டாம். காப்பி போட்டுக்கொண்டு வாசலில் உட்காருங்கள். அந்த நேரம் உங்கள் வீட்டுச் சொத்து.

இயல்பு என்ற சொல்லை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் இயலுதல் இருக்கிறது. நடப்பது, முடிவது என்ற பொருள் அதற்கு. சும்மா உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கிற சங்கதியாக நம் மொழி அதை வைக்கவில்லை. ஏழு மாதம் மரம் வெட்டியதில் எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான் தெரிந்தது. ஒன்பது மணிக்கு மேல் பால் சொட்டி முடியக் காத்திருப்போம். சின்னம்மா பழைய பத்திரிகையில் பசியாற ஏதாவது சுற்றிக்கொண்டு வந்திருப்பார். தின்று முடித்ததும் அந்த எண்ணெய்த் தாளை விரித்து வைத்துக்கொண்டு நான் கத்தி முனையால் எழுத்துப்பிழைகளைக் கீறிக்கொண்டிருந்தேன். ஒற்று விட்ட இடம், றகரம் மாறிய இடம். யாரும் கேட்கவில்லை. சம்பளம் இல்லை. சின்னம்மா பார்த்துவிட்டு, "அதான் உனக்கு வேலை போயிருச்சே, அப்புறம் எதுக்கு?" என்றார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அட்டையைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முறையாக நெஞ்சு லேசாக இருந்தது. அந்த வாரமே அக்கம்பக்கத்தவர்கள் படிவம் நிரப்பக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். சிவப்பு அட்டைக்காரர்களின் மனுக்கள், பிறப்புப் பத்திர விண்ணப்பங்கள். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பேன். ஒரு எழுத்து தப்பினால் என்ன ஆகும் என்று காட்டச் சின்னம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்றுவரை அதைச் செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தளத்தில் எழுதுவதெல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதான்.

உங்களுக்கு அது எது? இதைத்தான் உங்கள் கடிதத்தில் தேடினேன்.

யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனை இல்லை, அது நிச்சயம். நீங்கள் வேலையில் சேர்ந்த 1988-ல்தான் அந்தச் சோதனை தொடங்கியது. எத்தனை ஏ, எத்தனை ஏ என்று ஊரே கேட்டது. 2021-ல் அதை எடுத்துவிட்டார்கள். உங்களை அளந்த கோலையே நீங்கள் இருக்கும்போது ஒடித்துப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் 2022-லும் 2023-லும் நீங்கள் விடியற்காலையில் போய்ப் பள்ளி வாசலில் நின்றீர்கள்.

பாசார் மாலாம் பெண்ணைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். கடிதத்திலேயே கனமான இடம் அதுதான் டீச்சர். "தினமும் காலையில எனக்குத் தலை வாரி விடுவீங்களே." அவள் முகம் உங்களுக்கு நினைவில்லை என்றால், அவள் ஒருத்திக்கு மட்டும் நீங்கள் வாரவில்லை என்று அர்த்தம். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விட, தானே சட்டையைப் போட்டுக்கொண்டு தலை கலைந்து வேனில் வந்து இறங்கிய எத்தனையோ பிள்ளைகளில் அவள் ஒருத்தி. தலைவாரிவிட வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் வந்திருக்காது. எந்த ஆய்வாளரும் அதற்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டார். சீப்பு உங்கள் காசில் வாங்கியதாகத்தான் இருக்கும்.

இப்போது கடிதத்தில் அதற்கு மேலே இருக்கும் பத்தியைப் பாருங்கள். அம்மா பெரட்டுக்குப் போன பிறகு தம்பி தங்கைகளுக்குத் தலைவாரியவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் போய்த் தேடினீர்களே, அந்தப் பெண்தான். அவள் லயத்தில் நின்றுபோகவில்லை. 1988-ல் உங்களோடுதான் வேலையில் சேர்ந்தாள்.

பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். 'ன்' எங்கேயும் போகவில்லை, 'ற்' ஆகி நிற்கிறது. காதுக்குக் கொஞ்சம் வல்லினமாகக் கேட்கும், அவ்வளவுதான். நீங்கள் கண்டிப்பான தலைமையாசிரியையாக இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தலைவாராமல் வந்தால் திட்டியிருப்பீர்கள். திட்டிவிட்டு, அறைக்குக் கூப்பிட்டு, நீங்களே வாரிவிட்டிருப்பீர்கள். அந்தப் பெண்ணுக்குத் திட்டு ஞாபகமில்லை.

டீச்சர் என்ற பெயர் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டிருந்தீர்கள். தலைமையாசிரியை என்பது அரசாங்கம் கொடுத்தது, 60 வயதில் திருப்பி வாங்கிக்கொண்டது. டீச்சர் என்று உங்களைக் கூப்பிட்டவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளை. அவள் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது. அதனால்தான் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஷா ஆலாமுக்கு மறுபடி போகும்போது காலையில் பேரனை நீங்கள் பள்ளிக்குத் தயார் செய்யுங்கள். மகளிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவளுக்கும் அந்த அரைமணி நேரம் உதவியாக இருக்கும்.

பள்ளிக்கூடத்து அறையை ஒப்படைத்தபோது மேசை இழுப்பறையைக் காலி செய்திருப்பீர்கள். அதில் ஒரு சீப்பும் எண்ணெய்ப் புட்டியும் இருந்திருக்க வேண்டும். அந்தச் சீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களா, அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்களா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். நான் வெளியிட மாட்டேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து